அடித்தால் திருந்திவிடுவான் என்கிறவர்களுக்கு

மலேசியாவில் தீவிரவாதப் பேச்சில் இழுபட்ட மறுபடியும் ஒரு தோட்டத்துப் பையன், மறுபடியும் அதே பேச்சு: "நாலு அடி போட்டா சரியாயிடுவான். இவனுக்கெல்லாம் என்ன மனித உரிமை?" கோயில் இளைஞர் குழுவிலிருந்து நீக்கி, புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து தூக்கி, கைபேசியைப் பிடுங்கிய பிறகுதான் ஆலோசனைக்கே அழைத்து வருகிறார்கள்.

உரிமை பேசுவது தீவிரவாதிக்கு வக்காலத்து வாங்குவதல்ல. வெட்டவோ எரிக்கவோ திட்டமிட்டவனைப் பிடிக்காதே என்று எந்த மனித உரிமைச் சட்டமும் சொல்லவில்லை. செயலுக்காகப் பிடி, நினைப்புக்காகப் பிடிக்காதே, பிடித்தவனை அடிக்காதே என்கிறது. அடி வாங்கியவன், "நம்மை மனுஷனாவே மதிக்க மாட்டாங்க" என்று ஆள்சேர்ப்பவன் சொன்னதை நம்பிக்கொண்டுதான் வெளியே வருகிறான். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், தாமாகவே தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்தவர்களில் 71 விழுக்காட்டினர், தங்களைக் கடைசியாகத் தள்ளிவிட்டது அரசாங்க நடவடிக்கைதான் என்றார்கள். உறவினரோ நண்பரோ கொல்லப்பட்டதும் கைதானதும் அதில் அடக்கம். அங்குள்ள சூழல் வேறுதான். அவமானம் செய்யும் வேலை இங்கேயும் அதுவே.

அந்தப் பையன் என்ன சொல்கிறான்? லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) காலி செய்யச் சொன்னது, பிறப்புப் பத்திரம் இல்லாத தம்பி, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் பாட்டி. இந்தக் குறைகள் உண்மை. வாயை அடைக்காதீர்கள், அவனையே தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போய் மனுப் போட வையுங்கள்.

வெறுப்பைத் தூண்டும் ஒன்றைப் பகிர்ந்துவிட்டானா? அது குற்றமாகும் அளவுக்குப் போனதா என்று பார்க்க, ஐ.நா.வின் 2012 ராபாட் செயல்திட்டம் ஆறு கேள்விகள் கேட்கிறது: சூழல் என்ன, சொல்பவர் யார், நோக்கம் என்ன, சொன்னது என்ன, எத்தனை பேருக்குப் போனது, தீங்கு நேர வாய்ப்பு உண்டா. கோபத்தில் நண்பர்களுக்கு அனுப்பிய குரல்பதிவு வேறு. தகராறு நடக்கும் இரவில், ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் இடமும் நேரமும் சொல்லி "வாங்கடா" என்பது வேறு. ஆயுதம், ஆள், தேதி என்று பேச்சு வந்துவிட்டால் யோசிக்காமல் போலீசில் சொல்லுங்கள். பயங்கரவாதத் திட்டம் தெரிந்தும் மறைப்பது இந்நாட்டில் குற்றம்.

நம் சட்டம் அந்த ஆறு கேள்விகளோடு நிற்பதில்லை, கவனம். பயங்கரவாத அமைப்பு தொடர்பான பொருளை வைத்திருப்பதே குற்றமாகலாம். விடுதலைப் புலிகள் பெயர் 2014இல் பட்டியலில் ஏறியது. அந்த அமைப்போடு தொடர்பு என்று 2019 அக்டோபரில் 12 பேர் கைதானார்கள். வழக்குகள் 2020இல் கைவிடப்பட்டன. அதுவரை அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை யார் ஈடுகட்டுவது?

சொஸ்மாவில், அதாவது பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டத்தில், பிடித்தால் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். ஆனால் போலீஸ் குடும்பத்துக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். எந்த நிலையம், எத்தனை மணிக்கு, எந்தப் பிரிவு, அதிகாரி பெயர் என்ன? தாளில் எழுதுங்கள். வசதியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையைக் கேளுங்கள். தயவுசெய்து கைபேசியை உடைக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். பையனுக்கு உதவப்போய் ஆதாரத்தை அழித்த வழக்கில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.