ஹவுஸ் சர்ஜன் ஆண்டு: விதி என்ன சொல்கிறது, எதில் கவனம் வேண்டும்

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வு முடிவு வந்த அன்றே வீட்டில் 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் முழு மருத்துவராகச் சட்டப்படி இன்னும் 12 மாதம் பாக்கி இருக்கிறது. நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியையும் முடித்தால்தான் பட்டமும் நிரந்தரப் பதிவும் கைக்கு வரும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்தக் கட்டாய சுழற்சிப் பயிற்சியை ஆங்கிலச் சுருக்கமாக சி.ஆர்.ஆர்.ஐ. என்பார்கள். வார்டில் உள்ளவர்களுக்கு இன்றும் ஹவுஸ் சர்ஜன்தான்.

இதற்கான விதிமுறைகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் அரசிதழில் வெளியிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே விதி. அதை முழுதாகப் படித்துவிட்டு டூட்டிக்குப் போகும் மாணவர்கள் குறைவு. சீனியர் சொன்னதுதான் விதி என்று ஓடுகிறது. அதனால் சில விஷயங்கள் தப்பிப் போகின்றன.

முதல் நாளுக்கு முன்பே செய்ய வேண்டியது தற்காலிகப் பதிவு. தமிழ்நாட்டில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் நோயாளியைத் தொடவே கூடாது. அதே சமயம், இதை வைத்துக்கொண்டு தனியாக கிளினிக் நடத்தவும் முடியாது; பயிற்சிக்காக மட்டுமே செல்லும். மாலையில் ஊர்ப்பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் 'டூட்டி டாக்டராக' உட்காரக் கூப்பிடுவார்கள். பணம் வேண்டுமே என்று போகிறவர்களும் உண்டு. அங்கே ஏதாவது தவறாகப் போனால், தற்காலிகப் பதிவைக் காட்டித் தப்ப முடியாது.

சரி, 52 வாரத்தை விதி எப்படிப் பிரிக்கிறது? சமூக மருத்துவத்துக்கு 12 வாரம். அடுத்து மகப்பேறு, குடும்ப நலம் 7 வாரம். பொது மருத்துவமும் பொது அறுவைச் சிகிச்சையும் தலா 6. குழந்தைகள் பிரிவு 3. மனநலம், மயக்கவியல், எலும்பு, காது மூக்கு தொண்டை, கண், அவசரப் பிரிவு தலா 2 வாரம். தோல் ஒரு வாரம், தடயவியல் ஒரு வாரம். மீதி 4 வாரம் விருப்பப் பிரிவுகள். அதில் ஒரு வாரம் இந்திய மருத்துவ முறை.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் பலரும் சமூக மருத்துவத்தைத்தான் 'ரெஸ்ட் போஸ்டிங்' என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்த 12 வாரத்தில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படித்துவிடலாம் என்ற கணக்கு. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரிய மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனுக்கு மேலே பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்), அசிஸ்டென்ட், யூனிட்டின் தலைவரான சீஃப் என்று அடுக்கடுக்காக ஆட்கள் இருப்பார்கள். முடிவு எடுப்பது அவர்கள். ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டு போவது நீங்கள். சமூக மருத்துவத்துக்காகப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த அடுக்கு கிடையாது. மருத்துவ அலுவலர் பக்கத்திலேயே இருப்பார், நோயாளி நேராக உங்கள் முன்னால் வந்து உட்காருவார். காய்ச்சல் எத்தனை நாளாக, சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, ஏன் போன மாதம் வரவில்லை என்று கேட்டு வாங்கும் பழக்கம் அங்கேதான் வரும். புதன்கிழமை தடுப்பூசி நாளில் போய்ப் பாருங்கள். அழுகிற குழந்தை, அதைவிடப் பதறுகிற பாட்டி, ஊசி போட்ட இடத்தில் என்ன தடவலாம் என்ற கேள்வி. கிராம சுகாதார செவிலியர் அந்தப் பாட்டியிடம் பேசும் விதத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்க முடியாது.

விருப்பப் பிரிவுகளுக்கும் இதே கதைதான். வீட்டுக்குப் பக்கம், டூட்டி குறைவு என்று தேர்ந்தெடுத்து அந்த வாரங்களை வீணாக்குகிறார்கள். வருடம் முழுவதிலும் நீங்களாகத் தேர்ந்தெடுப்பது இது ஒன்றுதான். எந்த மேற்படிப்பு என்று முடிவாகாதவர்கள், மனதில் இருக்கும் துறையில் இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். அது நமக்கு ஒத்துவருமா என்று ஓரளவு தெரிந்துவிடும். கல்லூரி தரும் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் மிச்சம் இருக்கும் இடம்தான் கிடைக்கும்.

அப்புறம் லாக் புக். ஒவ்வொரு துறையிலும் எதைத் தனியாகச் செய்யத் தெரிய வேண்டும், எதை மேற்பார்வையில் செய்ய வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று விதிமுறையின் இணைப்பில் திறன்வாரியாகக் கொடுத்திருக்கிறார்கள். செய்ததை லாக் புக்கில் எழுதி, யூனிட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? போஸ்டிங் முடியும் நாளில் நண்பனுடைய புத்தகத்தைப் பார்த்து மொத்தமாக எழுதி, ஒரே உட்காரலில் கையெழுத்து. இது ஊரறிந்த ரகசியம். ஆனால் இதில் நஷ்டம் மாணவருக்குத்தான். ஆறு வார சர்ஜரி போஸ்டிங்கில் இன்னும் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பது மூன்றாவது வாரமே புத்தகத்தில் தெரிந்தால், "சார், எனக்கு இது வரவில்லை, இன்று தியேட்டரில் விடுங்கள்" என்று கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். வேலை திருப்தியாக இல்லை என்று துறை சொல்லிவிட்டால், அந்த போஸ்டிங்கைத் திரும்பச் செய்ய வேண்டி வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கையெழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டிக்கொள்வது இங்கேதான். மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்று, மருத்துவ-சட்ட ஆவணம் எதிலும் பயிற்சி மருத்துவர் தன் கையெழுத்தைப் போட்டுத் தரக் கூடாது. காஷுவாலிட்டியில் இரவு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் விழுந்து ஒருவர் வருகிறார், கூடவே நாலு பேர், பின்னாலேயே போலீஸ். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், காயத்தின் நீளம், அகலம், இடம், யார் அழைத்து வந்தார், எப்படி நடந்ததாகச் சொன்னார் என்று எழுத வேண்டும். எழுதப் பழகுங்கள், அளந்து எழுதுங்கள். ஆனால் கீழே கையெழுத்து டூட்டி மருத்துவ அலுவலருடையது. "அவர் ரூமில் படுத்திருக்கிறார், நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க தம்பி" என்று யாராவது சொன்னால், போய் எழுப்புங்கள். அந்த ஏ.ஆர். பின்னால் நீதிமன்றம் வரை போகும். கையெழுத்துப் போட்டவர் சம்மனோடு கூண்டில் நிற்பார். மருத்துவமனையில் நடந்த இறப்புக்கான காரணத்தைக் குறிக்கும் படிவம் 4-க்கும் இதே பேச்சுதான். உறவினர் விடுப்புக்குக் கேட்கும் மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கும்தான். மாமா கேட்டாலும் இல்லை.

விடுப்பு: முன் அனுமதியோடு மொத்தம் 15 நாள். அதற்கு மேல் போனால் எக்ஸ்டென்ஷன், அதாவது அத்தனை நாள் பின்னால் சேர்த்துச் செய்ய வேண்டும். மகப்பேறு விடுப்பு அரசு விதிப்படி உண்டு, ஆனால் பயிற்சிக் காலம் அதற்கேற்ப நீளும். பத்து நாள் எக்ஸ்டென்ஷனா, பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். நீட் பி.ஜி. எழுத, குறிப்பிட்ட தேதிக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். 2024-இல் அது ஆகஸ்ட் 15, 2025-இல் ஜூலை 31. ஒரு வாரம் தாண்டினாலும் அந்த ஆண்டுத் தேர்வு போச்சு. ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம், நண்பர்களோடு மணாலி என்று முதல் ஆறு மாதத்திலேயே 15 நாளையும் தீர்த்துவிட்டு, கடைசியில் டெங்கு வந்து படுப்பவர்கள் பேட்ச்சுக்கு ஒருவராவது இருப்பார்கள். மொத்தப் பயிற்சியையும் இறுதித் தேர்வில் தேறிய 2 ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்ற எல்லையும் இருக்கிறது.

உதவித்தொகை தர வேண்டும் என்று விதி சொல்கிறது. எவ்வளவு என்று சொல்லவில்லை. அதை மாநிலமோ பல்கலைக்கழகமோ நிர்ணயிக்கிறது. இந்த இடைவெளியைச் சில தனியார் கல்லூரிகள் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டன. கணக்கில் போட்டுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது வரை புகார்கள் உண்டு. டெல்லியில் உள்ள ராணுவ மருத்துவ அறிவியல் கல்லூரி வழக்கில், 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அக்டோபர் 1 முதல் மாதம் 25,000 ரூபாய் தரும்படி உத்தரவிட்டது. அது அந்தக் கல்லூரிக்கான உத்தரவுதான் என்றாலும், காசு கொடுக்க முடியாது என்ற வாதம் நிற்காது என்பது அதில் தெளிவாகிவிட்டது. வங்கிக் கணக்கு வரவைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் தங்களுக்கான தகுதித் தேர்வான எஃப்.எம்.ஜி.இ.யில் தேறிய பிறகே இங்கே பயிற்சிக்குச் சேர முடியும். அவர்களிடம் பயிற்சிக்கென்று கட்டணம் வாங்கக் கூடாது, இங்கே படித்தவர்களுக்கு இணையாக உதவித்தொகை தர வேண்டும் என்று ஆணையம் 2022 மார்ச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கட்டணம் கேட்டால் அதை எழுத்தில், ரசீதோடு தரச் சொல்லுங்கள். பாதி இடங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

விதியில் தேடாமல் உங்கள் உடம்புக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போஸ்டிங் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசித் தவணை ஆறாவது மாதம் என்பதால் இறுதியாண்டிலேயே ஆரம்பிக்க வேண்டும். குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். சீஃப் திட்டுவாரோ என்று மறைக்காமல் உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

12 மாதமும் முடிந்ததும் துறைவாரியான கையெழுத்துகளோடு கல்லூரி நிறைவுச் சான்றிதழ் தரும். அதை வைத்துத்தான் பல்கலைக்கழகத்தில் பட்டமும் மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவும் வாங்க வேண்டும். இந்தப் பதிவுக்கு 'நெக்ஸ்ட்' என்ற பொதுத் தேர்வு வரும் என்று சட்டத்தில் இருக்கிறது, 2023-இல் அதைத் தள்ளிவைத்தார்கள். ஒரு துறையின் கையெழுத்து விடுபட்டிருந்தால் சான்றிதழ் நிற்கும், அந்த யூனிட் சீஃப் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். ஒவ்வொரு போஸ்டிங்கும் முடியும் அன்றே கையெழுத்தை வாங்கி, செல்போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.