ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோநொடி

தொலைக்காட்சி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வரிசையாக மானிட்டர்கள் இருக்கும். ஒரே கேமராவின் படம்தான். ஆனாலும் ஒன்றில் முகம் சிவந்திருக்கும், பக்கத்தில் வெளிறியிருக்கும். பார்க்கிற கண்ணும் அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பொறியாளர்கள் படத்தை விட்டுவிட்டு, அதைச் சுமந்து வரும் மின்னழுத்தத்தை அளப்பார்கள். அளக்கும் கருவி வேவ்ஃபார்ம் மானிட்டர்.

1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது கைக்கொண்ட 'பால்' முறையையே எடுத்துக்கொள்வோம். படம் மேலிருந்து கீழாகக் கிடைக்கோடுகளாக வரையப்படும்: ஒரு படச்சட்டத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டங்கள். ஆக நொடிக்கு 15,625 கோடுகள். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 64 மைக்ரோநொடி. அதில் படத்துக்கு 52தான். மிச்சம் 12, பழைய படக்குழாயின் மின்கற்றை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்புவதற்கான அவகாசம்.

கருப்புக்கு 0 வோல்ட், முழு வெள்ளைக்கு 0.7 வோல்ட். கருப்புக்கும் கீழே 0.3 வோல்ட் இறங்கும் ஒரு பள்ளம் உண்டு. 4.7 மைக்ரோநொடி நீடிக்கும் அந்த ஒத்திசைவுத் துடிப்புதான் 'அடுத்த கோட்டைத் தொடங்கு' என்று தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சொல்கிறது. அடி முதல் நுனி வரை சரியாக 1 வோல்ட். கருவியின் திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இடமும் வலமும் படத்தில் உள்ளபடியே இருக்கும். வேட்டி வெளுத்துப்போய் மடிப்பே தெரியவில்லையா? அது நிற்கும் இடத்தில் அலை 0.7ஐ முட்டித் தட்டையாகிக் கிடக்கும்.

அளவு தப்பினால் பெரும்பாலும் பழி கேமரா மேல் விழும். நான் முதலில் கேபிளின் கடைசி முனையைத்தான் பார்ப்பேன். அங்கே 75 ஓம் மின்தடை ஒன்று இருந்தாக வேண்டும். அதை மாட்ட மறந்தால் 1 வோல்ட் ஏறக்குறைய 2 ஆகும்; தவறிப்போய் இரண்டு மாட்டிவிட்டால் சுமார் 0.67 ஆகக் குறையும். இந்த இரண்டு எண்களும் நினைவிருந்தால், அளவைப் பார்த்த உடனேயே கோளாறு இன்னதென்று சொல்லிவிடலாம்.

வண்ணம் இன்னும் நுட்பமானது. அது சுமார் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையாக, வெளிச்ச அலையின் மேல் ஏறி வருகிறது. அந்த அலையின் வீச்சு நிறத்தின் அடர்த்தியைச் சொல்லும். கட்டக்கோணம், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது, சிவப்பா, நீலமா என்பதைச் சொல்லும். கோணத்தை எதிலிருந்து அளப்பது? ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் படத்துக்கு முன்பாகப் பத்துச் சுற்று துணை அலை தனியாக வரும். கச்சேரியில் தம்புரா போல, பெட்டி அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் வழியில் கோணம் பிசகினால் நிறமே மாறிவிடும். அதைத் திருத்தப் பெட்டியிலேயே ஒரு குமிழ் வைத்தார்கள். ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் இருந்த வால்டர் புரூக் வேறு வழி கண்டார்: நிறத்தின் இரு கூறுகளில் ஒன்றைக் கோட்டுக்குக் கோடு தலைகீழாக்கி அனுப்பினார். முதல் கோட்டில் ஒரு பக்கம் சாயும் பிழை அடுத்த கோட்டில் மறுபக்கம் சாயும். இரண்டையும் சராசரி எடுத்தால் நிறம் தப்பாது, அடர்த்தி மட்டும் சற்றுக் குறையும். இருபதாம் நூற்றாண்டின் அழகான பொறியியல் தந்திரங்களில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

கோணத்தை அளக்க வெக்டார்ஸ்கோப் இருக்கிறது. வட்டத் திரையில் திசை நிறம், மையத்திலிருந்து தூரம் அடர்த்தி. சோதனைக்கான வண்ணப்பட்டைகளை அனுப்பினால் ஒளிப்புள்ளிகள் அவற்றுக்கான சின்னக் கட்டங்களில் உட்கார வேண்டும். 'பால்' திரையில் தலைகீழ் கோடுகளுக்காக ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு கட்டங்கள். அதே பட்டைகளை நிறம் நீக்கி வேவ்ஃபார்ம் மானிட்டரில் பார்த்தால் வெள்ளை, மஞ்சள், இளநீலம், பச்சை, மெஜந்தா, சிவப்பு, நீலம், கருப்பு என்று படிக்கட்டாக இறங்கும். வெளிச்சக் கணக்கில் பச்சைக்கு 59 சதவீதம், நீலத்துக்கு வெறும் 11; நம் கண் அப்படித்தான்.

டிஜிட்டலில் வோல்ட்டின் இடத்தை எண்கள் பிடித்தன. 0 முதல் 255 வரை போகும் எட்டு பிட் கணக்கில் கருப்பு 16, வெள்ளை 235. ஆனால் கேபிளில் ஓடுவது இன்னமும் மின்னழுத்தமே. அனலாகில் கேபிள் நீள நீளப் படம் மெல்ல மங்கி எச்சரிக்கும். டிஜிட்டலில் கடைசி வரை படம் பளிச்சென்று இருக்கும். எல்லையைத் தாண்டிய சில மீட்டருக்குள் புள்ளிகள் தெறித்து, படமே போய்விடும். அந்த எல்லை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்றறிய, வேண்டுமென்றே கூடுதல் கேபிளைச் சேர்த்துப் படம் உடையும் வரை சோதிப்பார்கள்.