கலர் போயிருச்சு, சரி. அழுக்கு எங்கே போச்சு?

கொஞ்ச நாளைக்கு முன்னால் திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை முதலாளி போன் பண்ணினார். "சார், வெயில்ல வெச்சாலே கழிவுநீர் சுத்தமாகுற பவுடர் வந்திருக்குதுங்க, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க." போனேன். மொட்டை மாடியில் இரண்டு கண்ணாடி பீக்கர், இரண்டிலும் நீலத் தண்ணீர். விற்க வந்தவர் ஒன்றில் மட்டும் வெள்ளைப் பொடியை ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டார். டீ குடித்து, நூல் விலையைப் பற்றிப் புலம்பி முடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த பீக்கரில் நீலம் முக்கால்வாசி காணோம். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

இந்த நீலம் உங்கள் தொட்டியில் எடுத்ததா என்று கேட்டேன். இல்லையாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் ப்ளூ கரைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் முதல் நாள் செய்து பார்க்கிற சோதனை அது. அதில் தப்பில்லை. ஆனால் அதைக் காட்டி ஒரு நாளைக்குப் பல லட்சம் லிட்டர் விடுகிற பட்டறையிடம் முன்பணம் கேட்டால், கழிவுநீர் சோதித்தே பிழைப்பு நடத்துகிற என்னைப் போன்ற ஆள் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது.

பொடி பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது டைட்டானியம் டை ஆக்சைடு, ஒளி பட்டால் வேலை செய்கிற ஒளி வினையூக்கி. அதன் அனடேஸ் என்கிற படிக வடிவத்தின் மேல் புற ஊதா ஒளி பட்டால் உள்ளே ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும், அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடம் தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஹைட்ராக்சில் ராடிக்கல் என்கிற வெறிபிடித்த துண்டு மூலக்கூறை உண்டாக்கும். ஓசோனை விட முரட்டு ஆசாமி, எதிரே வருகிற கரிமப் பொருள் எதுவானாலும் கடித்துக் குதறும். நேரம் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகவே ஆக்கிவிடும், பொடியோ அப்படியே இருக்கும். சிக்கல், அந்த எலக்ட்ரான் துள்ள 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி வேண்டும். நம் வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். கண்கூசுகிற சித்திரை வெயிலாக இருந்தாலும் மிச்சமெல்லாம் இந்தப் பொடிக்கு இருட்டு மாதிரிதான். அந்த மிச்ச ஒளியையும் பயன்படுத்தத்தான் நைட்ரஜன், இரும்பு, வெள்ளி என்று எதையாவது சேர்த்துப் பார்க்கிறார்கள், பிஸ்மத் வனடேட் போன்ற மஞ்சள் பொடிகளைத் தேடுகிறார்கள்.

சரி, தொட்டித் தண்ணீருக்கு வருவோம். அது கருஞ்சிவப்பு, மை மாதிரி. ஒளி சில மில்லிமீட்டருக்குக் கீழே இறங்காது, அடியில் கிடக்கும் பொடி வெறும் சேறு. நான் ஒரு கேனில் பிடித்துக்கொண்டு வந்து, பத்து மடங்கு நீர்க்க வைத்து, அவர்கள் பொடியையே போட்டு ஒரு பகல் முழுக்க வெயிலில் கலக்கினேன். நிறம் பாதிக்கு மேல் இறங்கியது. சி.ஓ.டி., அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற அளவைப் பார்த்தால், அசைந்த மாதிரியே தெரியவில்லை. (உப்புத் தண்ணீரில் குளோரைடே சி.ஓ.டி.யை ஏற்றிக் காட்டும், மெர்குரிக் சல்பேட் போட்டுக் கட்டிவிட்டுத்தான் பார்த்தேன், அதைச் சொல்லாவிட்டால் எங்கள் ஆட்களே சண்டைக்கு வருவார்கள்.)

காரணம் பெரிய மர்மமில்லை. நம்மூரில் ஓடுகிற ரியாக்டிவ் சாயங்கள் (பருத்தி நூலோடு வேதியாகவே பிணைகிறவை) பலவற்றில் நிறம் தருவது இரண்டு நைட்ரஜன் கைகோத்து நிற்கிற அசோ பிணைப்பு. ராடிக்கல் அந்த இடத்தில் ஒரு கடி கடித்தால் நிறம் போச்சு. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த பென்சீன், நாப்தலீன் வளையங்கள் தண்ணீரிலேயே மிதக்கும். துண்டான மிச்சத்தில் அரோமாட்டிக் அமீன், அதாவது நைட்ரஜன் ஒட்டிய வளையங்கள், இருந்தால் இன்னும் வம்பு, அவற்றில் சில புற்றுநோயோடு தொடர்புடையவை. கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு கண்ணுக்குத் தெரியாத அழுக்காகிறது, அவ்வளவுதான். கரிமக் கார்பன் மொத்தம் எவ்வளவு குறைந்தது என்று டி.ஓ.சி. கணக்குக் காட்டாத எந்த விற்பனையாளரையும் நான் உட்காரச் சொல்வதில்லை.

இன்னொரு கேள்வி, இருட்டில் என்ன நடக்கிறது? பொடியைப் போட்டு அரை மணி நேரம் மூடி வைத்துக் கலக்கினாலே சாயத்தில் ஒரு பங்கு அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். அது சுத்திகரிப்பு அல்ல, இடம் மாறுதல். அதைக் கழிக்காமல் கணக்குக் காட்டுவது சகஜம்.

அப்புறம் உப்பு. நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் என்ன கதிக்கு ஆளாயின, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஏன் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது என்பதெல்லாம் இங்கே யாருக்கும் புதுசில்லை. நிலத்தைக் கெடுத்ததில் பெரிய பங்கு உப்புக்கு, தண்ணீரில் கரைந்து நிற்கிற திடப்பொருளை அளக்கிற டி.டி.எஸ்.ஸுக்கு. ஒளி வினையூக்கி உப்பில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. உப்புதான் அதன் வேலையைக் கெடுக்கும். குளோரைடும் பைகார்பனேட்டும் ராடிக்கலைத் தாங்களே வாங்கி அமுக்கிக்கொள்ளும், சல்பேட் போய்ப் பொடியின் மேல் இடம் பிடித்துக்கொள்ளும். ஆக உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் எங்கேயும் போகப்போவதில்லை.

ஒருமுறை வேறொரு பட்டறையில் கெமிஸ்ட் தம்பி, "எல்லாம் ஒரே டைட்டானியம்தானே சார்" என்று பெயின்ட்டுக்குப் போடுகிற வெள்ளைப் பொடியை மூட்டையாக வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டான். நிறம் போகவில்லை. போகாது, ஏனென்றால் பெயின்ட் பொடி பெரும்பாலும் ரூட்டைல் என்கிற இன்னொரு படிக வடிவம், அதன் மேல் சிலிக்கா, அலுமினா பூசி வினையூக்கும் குணத்தை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வெயிலில் அது பெயின்ட்டையே தின்று சுவரைச் சுண்ணாம்பாக உதிர்த்துவிடும். தொட்டி மூன்று நாள் பால் மாதிரி நின்றது, வடிகட்டித் துணியெல்லாம் அடைத்துக்கொண்டது. நல்ல வினையூக்கிப் பொடியிலும் இதே தலைவலி உண்டு. துகள் இருபது, முப்பது நானோமீட்டர்தான், திரும்பப் பிடிப்பதே ஒரு தனித் தொழில்.

அப்படியானால் எங்கே உதவும்? உயிரியல் தொட்டி பெருமளவு தின்று முடித்து, தண்ணீர் தெளிந்து, பாக்டீரியாவால் கடிக்க முடியாத மருந்து, பூச்சிக்கொல்லி மிச்சங்கள் கொஞ்சமாக நிற்கிற கடைசிக் கட்டத்தில். ஸ்பெயினின் அல்மேரியா பக்கம் பூச்சிமருந்து டப்பாக்களைக் கழுவிய தண்ணீரை இரும்பு உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு, வெயில் மூன்றையும் வைத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள், ஃபோட்டோ ஃபென்டன் என்பார்கள். இரும்பு மலிவு, கண்ணுக்குத் தெரிகிற ஒளியிலும் ஒரு பகுதி அதற்கு உதவும், ஆனால் தண்ணீரை பி.எச். 3 பக்கம் புளிக்க வைக்க வேண்டும். எனக்குக் கேட்டால் நம்மூரில் முயல வேண்டியது முதலில் இதுதான்.

வெயிலை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிற கதையும் இதே பொடியில் தொடங்கியதுதான். 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்து காட்டினார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 2021இல், அதே நாட்டில் 100 சதுர மீட்டர் பரப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்கிற இன்னொரு ஒளி வினையூக்கி பூசிய தகடுகளை வெயிலில் விரித்து ஹைட்ரஜன் எடுத்த கணக்கை வெளியிட்டார்கள். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவீதம். சாதாரண கூரை சோலார் பேனல் வெயிலில் இருபது சதவீதம் போல மின்சாரமாக்குகிறது. 'தண்ணீரிலிருந்து எரிபொருள்' என்று பங்கு விற்க வருகிறவரிடம் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். தண்ணீரில் மெத்தனாலோ டிரை எத்தனால் அமீனோ கலந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், கலந்திருந்தால் அங்கே தின்னப்படுவது அந்த ரசாயனமும்தான்.

அந்த முதலாளி பொடி வாங்கவில்லை. ஆனால் நாலைந்து நாள் கழித்து மறுபடி போன் பண்ணினார். மாடியில் மறந்துபோய் விட்டுவிட்ட இரண்டாவது பீக்கரைத் துவைக்க எடுத்தாராம். "சார், இதுல பவுடரே போடலீங்களே. இதுவும் வெளுத்துப் போய்க் கிடக்குதுங்க?"