நின்றிருக்கும் இயந்திரமும் ‘தன்னியக்கம்’ என்ற சொல்லும்

இலங்கையின் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் மின்பணிக்காகச் சென்றிருந்த நாளில், நெல்லை மேலே ஏற்றும் எலிவேற்றர் நின்றிருக்கக் கண்ட இளம் தொழிலாளி ஒருவர், அதன் அடிப்பெட்டியில் சிக்கியிருந்த வைக்கோலை எடுக்கக் கையை உள்ளே விட்டார். மேல்தொட்டி நிறைந்ததனால் உணரி நிறுத்தி வைத்திருந்த இயந்திரம் அது. தொட்டியில் நெல் இறங்கியதும், எவரும் ஆளியைத் தொடாமலே மீண்டும் ஓடத் தொடங்கியது. நல்ல வேளையாக ஒரு நகத்தோடு போயிற்று. பக்கத்துப் பலகையில் ‘தானியங்கி’ என்று எழுதியிருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “தானியம் போடுற இடம் எண்டு நினைச்சன், சேர்” என்றார். நெல் ஆலைக்குள் அப்படி வாசித்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘தானியங்கி’ என்பது தான், இயங்கி என்ற இரண்டும் சேர்ந்து கருவியைக் குறிக்கும் பெயர். ‘தன்னியக்கம்’ கருவியை அன்றி, அது இயங்கும் முறையைக் குறிக்கும். நம் நாட்டுப் பாடநூல்களில் பழகிய சொல்லும் இதுவே. இதற்கு நிகரான ‘automation’ என்ற ஆங்கிலச் சொல் 1940களில் அமெரிக்காவின் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையிலிருந்து பரவியது.

மோட்டர் பூட்டியதெல்லாம் தன்னியக்கம் ஆகிவிடாது. உமி நீக்கும் இயந்திரம் மனிதர் இயக்கினால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். அது இயந்திரமயமாக்கல் மட்டுமே. கருமணியையும் கல்லையும் கமராவால் கண்டு, காற்றை ஊதி ஒதுக்கும் கலர் சோட்டர்தான் தன்னியக்கம்: நிலைமையை அறிவது, முடிவெடுப்பது, செய்வது ஆகிய மூன்றும் அதனுள்ளேயே நடக்கின்றன. ஆகவே, அத்தகைய இயந்திரம் நின்றிருக்கிறது என்பதற்கு மின் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருளில்லை; அது காத்திருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள்.

மின்னோட்டம் அளவு மீறும்போது மின்னைத் துண்டித்து மோட்டரைக் காக்கும் ஓவர்லோட் ரிலேயிலும் இதே ஆபத்து உண்டு. சூடேறித் துண்டித்த ரிலேயைக் கையால் மீளமைக்கும் நிலையில் விடாமல், தானாக மீளும் நிலைக்குத் திருப்பிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மோட்டர், நீர்மட்டத்தைக் கொண்டு தானாகவே இயக்கி நிறுத்தும் மிதவை ஆளி போன்ற ஒன்றினால் இயக்கப்படுவதாயின், ரிலே ஆறியதும் முன்னறிவிப்பின்றி ஓடத் தொடங்கிவிடும். மின்தடை நீங்கும்போதும் இவ்வாறே நிகழலாம். ஆதலால் பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, திறப்பைக் கைவைப்பவரே தம் பையில் வைத்துக்கொண்டு, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு அமைக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நான் பார்த்த ஆலைகள் பலவற்றில் அந்தக் காப்புத் தகடு சுவரோரம் சாத்தப்பட்டே கிடந்தது.

பலகை எழுதும் வேலை வந்தால் இப்போது நான் ‘தானியங்கி’ என்றும் எழுதுவதில்லை, நான் விரும்பும் ‘தன்னியக்கம்’ என்றும் எழுதுவதில்லை. “இது தானாக ஓடத் தொடங்கும். கை வைக்க வேண்டாம்” என்று சிவப்பில், பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறேன்.