மின்வெட்டு நாளில் மட்டும் அணைய மறுக்கும் லினக்ஸ்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அலுவலகக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை. மற்ற நாட்களில் ஷட்டவுன் கொடுத்தால் சில விநாடிகளில் அணைகிறது. லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு வந்து யூபிஎஸ்ஸில் ஓடும்போது மட்டும் 'ஸ்டாப் ஜாப்' என்று ஒரு வரி வந்து, ஒன்றரை நிமிடம்வரை எண்ணுகிறதாம். ஏன்? பில் போடும் மென்பொருள் பின்னணியில் சர்வீஸாக ஓடுகிறது, கோப்புகளெல்லாம் நெட்வொர்க்கில் தனியாக இருக்கும் வட்டுப் பெட்டியான நாஸில் என்றும் எழுதியிருக்கிறார். விடை அதில்தான் இருக்கிறது.

லினக்ஸில் முதலில் எழும் ப்ராசஸ் இனிட். அதன் எண் 1. மற்ற சர்வீஸ்களைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அதன் பொறுப்பு. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு, 2006-இல் இதற்கென்றே அப்ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தது. 2015-இல் சிஸ்டம்டி என்ற வேறொரு இனிட்டுக்கு மாறிவிட்டது.

சிஸ்டம்டி யாரையும் எடுத்த எடுப்பில் கொல்லாது. முதலில், முடித்துக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் என்ற சிக்னலை அனுப்பும். ஒழுங்காக எழுதிய நிரல் அதைப் பிடித்து, பாதியில் நிற்கும் பில்லைச் சேமித்து, கோப்பை மூடிவிட்டுக் கிளம்பும். யாரும் மாற்றியிருக்காவிட்டால் அவகாசம் 90 விநாடி. அதற்குள் போகவில்லையென்றால் நேராகக் கொல்லும் சிக்கில் சிக்னல். அதை எந்த நிரலாலும் தட்டிக்கழிக்க முடியாது.

சரி, மின்வெட்டில் என்ன ஆகிறது? கணினிக்கு யூபிஎஸ் உண்டு. ரவுட்டருக்கும் நாஸுக்கும் அநேகமாக இல்லை. நிரல் சேமிக்கப் போகிறது, பெட்டி அணைந்து கிடக்கிறது. நாஸின் கோப்புகளை என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் முறையில், விடாப்பிடியான ஹார்ட் மவுண்ட்டாக இணைத்திருந்தால், பெட்டி பதில் சொல்லும்வரை லினக்ஸின் மையமான கெர்னல் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். நிரல், கோப்பில் எழுதச் சொல்லும் அந்த ஒரு அழைப்பிலேயே சிக்கிக்கொள்ளும். சிக்டெர்மைப் பிடிக்க எந்த ஏற்பாடும் செய்யாத சோம்பேறி நிரலாக இருந்தால் கெர்னல் அந்த நொடியே அதை முடித்திருக்கும். பொறுப்பாகச் சேமிக்கப் போனதுதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

அவகாசத்தை 10 விநாடியாகக் குறைத்துவிடு என்பது பலரும் சொல்லும் கைவைத்தியம். எனக்கு உடன்பாடில்லை. மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருள் தன் சர்வீஸ் கோப்பில் 900 விநாடி கேட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. மெமரியில் இருப்பதை வட்டில் எழுத அதற்கு நேரம் வேண்டும். நடுவில் கொன்றால் தரவு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அடுத்த முறை மாற்றங்களைக் குறித்து வைத்த லாகைப் படித்துச் சரிசெய்துகொண்டுதான் எழும். காலையில் சிஸ்டம் ஸ்லோ என்று புலம்புகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய பேட்டரிக்கு ராண்டைக் கொட்டுமுன் ரவுட்டரையும் நாஸையும் அதே யூபிஎஸ்ஸில் செருகிப் பாருங்கள். அப்புறம், பில் சர்வீஸ் அந்த நாஸ் மவுண்ட்டை நம்பியிருக்கிறது என்று அதன் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தொடங்கிய வரிசைக்குத் தலைகீழாகத்தான் சிஸ்டம்டி நிறுத்தும். பில் மூடிய பிறகே மவுண்ட் கழலும்.