ஆங்கில வகுப்புக்கு முதல் கருவி குரல் பதிவு

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பயிற்சி பெறும் குறுவள மையக் கூட்டங்களில் ஆங்கில ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது "எந்த ஆப் நல்லது?" என்றுதான். உசிலம்பட்டி, சேடப்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். உங்கள் செல்போனில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவு வசதியை முதலில் திறந்து பாருங்கள் என்பேன். சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் தொழில்நுட்பம் பழக வரும் ஆங்கில ஆசிரியர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான். பள்ளியை விட்டு வெளியே வந்தால் ஆங்கிலத்தில் பேச ஊரில் ஆளில்லை. மதுரைக்குப் பஸ் ஏறினாலும் காதில் விழுவது தமிழ்தான். இந்த நிலையில் ஸ்மார்ட் போர்டில் ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பாடவேளையை முடித்தால், அந்த ஒரு நிமிடமும் பறிபோகிறது. திரை பேசுகிறது, பிள்ளை வேடிக்கை பார்க்கிறது.

நான் பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்து, பாடநூலிலிருந்து ஒரு சிறு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறேன். உடனே போட்டுக் காட்டுகிறேன். முதல் தடவை எல்லோரும் கூச்சப்படுவார்கள். "டீச்சர், இது என் குரலே இல்லை" என்பார்கள். நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பின் வழியாகவும் நமக்குக் கேட்கிறது, பதிவில் அந்த எலும்பு வழி ஒலி இருக்காது, அதனால்தான் அந்நியமாகத் தோன்றுகிறது என்று விளக்கினால் கூச்சம் பாதி விலகிவிடும். அடுத்து அவர்களே கேட்பார்கள்: "இன்னொரு தடவை வாசிக்கட்டுமா டீச்சர்?" யாரும் திருத்தாமலே, தன் காதால் கேட்டுத் தன் பிழையைத் தானே பிடித்த பிள்ளையின் கேள்வி அது. நாம் பலகையில் பத்து முறை எழுதிப் போட்டாலும் இது வராது.

கணினி ஆய்வகம் இருக்கும் பள்ளிகளில் இன்னும் ஒரு படி போகலாம். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. பதிவு செய்த குரல் அதில் அலைகளாகத் தெரியும். 'புக்' என்று சொல்லச் சொன்னால் நம் பிள்ளைகளில் பலர் 'புக்கு' என்பார்கள். முதல் அலை முடிந்து, சிறு இடைவெளி விட்டு, கடைசியில் ஒரு குட்டி மேடு எழும்பி நிற்கும். அந்த மேடுதான் கூடுதலாக வந்த உகரம். என் குரலில் 'புக்' என்று பதிவு செய்து பக்கத்தில் வைத்தால், அந்த மேடு இல்லாததைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இதை அவர்களின் குறையாகப் பேசக் கூடாது. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை; ஈற்றில் ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்வது தாய்மொழியின் இயல்பு. குற்றியலுகரத்தைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். தமிழாசிரியரையும் ஒருநாள் ஆய்வகத்துக்கு அழைத்து வாருங்கள், வகுப்பே களைகட்டும்.

வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே பாடங்களோடு, செல்போனில் ஸ்கேன் செய்தால் காட்சி திறக்கும் கியூஆர் குறியீடுகளும் வந்துவிட்டன. பள்ளியில் சிக்னல் கிடைக்காது என்பதால் தேவையான காட்சியை வீட்டிலேயே பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துப் போடுங்கள். ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் ஓட்டி, "இவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று பிள்ளைகளைப் பேசவிடுங்கள்.

ஆசிரியர்களின் தயக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருக்கும் ஆசிரியர்கள் பயிற்சியில் கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். அவர்களுடைய வாசிப்பும் இலக்கணமும் இளையவர்களுக்கு எளிதில் வாய்க்காதவை. ஒரே நாளில் எட்டுச் செயலிகளைக் காட்டும் பயிற்சி அவர்களை மிரட்டி அனுப்புகிறது. ஒரு பருவத்துக்கு ஒரே கருவி போதும். அதைப் பக்கத்து இருக்கை இளம் ஆசிரியரிடம் தேநீர் இடைவேளையில் கேட்டுப் பழகுங்கள். அவருக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கவும் நிறைய இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கடிதமும் கட்டுரையும் நொடியில் எழுதித் தருகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். நோட்டில் கடிதம் அழகாக இருந்தால் திட்டாமல், அதை வாசிக்கச் சொல்லி, இரண்டு கேள்வி கேளுங்கள். அவர்கள் எழுதியதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரு பத்தியை மூன்று நிலைகளில் எளிமையாக்க ஆசிரியர் இந்தச் செயலிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தருவது. பிள்ளைகள் வாசிக்கும் வீடியோவைப் பெருமையோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் அந்த முகமும் குரலும் பிள்ளைக்குச் சொந்தம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுத்து, அவர்களது தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதத்தைப் பொது விதியாக வைக்கிறது. குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். கோப்புக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். எந்தக் குழுவிலும் பகிராதீர்கள், ஆண்டு முடிந்ததும் அழித்துவிடுங்கள். பதிவு எதற்கு என்பதைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்கு உங்கள் குரலில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டி விளக்கி, அவர்களின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.