தீம் பார்க்குக்கு எந்த கேமரா? முதலில் கைகளை எண்ணுங்கள்

மே மாதத் திங்கட்கிழமைகளில் நான் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே படியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் அரிசி. அரிசிக்குள் கேமரா. "நேத்து பார்க்குல லேசா தண்ணி பட்டுடுச்சுண்ணா" என்பார்கள். லேசாகப் பட்ட தண்ணீரை இதுவரை நான் பார்த்ததில்லை.

சேலத்தில் கேமரா சர்வீஸ் செய்ய ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாண போட்டோகிராபர்களின் கேமரா தேய்ந்து போய் வரும். குடும்பங்களின் கேமரா நனைந்து போய்த்தான் வரும். போன கோடையில் வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன், அதிலேயே பாதி விஷயம் வந்துவிடும்.

செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு பெங்களூர் பக்கம் ஒரு பார்க்குக்குப் போயிருக்கிறார். கையில் டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமரா, அதோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸ், கூடவே பையில் தூரத்தில் இருப்பதை எடுக்க 55-250 லென்ஸ். உயரத்திலிருந்து படகு சர்ரென்று தண்ணீரில் வந்து விழும் ரைடு உண்டே, அதில் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு, இவர் கீழே கம்பியோரமாக நின்று எடுத்திருக்கிறார். படகு விழுந்தது. தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி இவர் மேல் விழுந்தது. துண்டால் துடைத்தார். அடுத்து அவர் செய்த காரியம்தான் கேமராவைக் கொன்றது: வேலை செய்கிறதா என்று பார்க்க ஆன் செய்தார்.

என் மேஜையில் மேல் மூடியைக் கழற்றியதும் குளோரின் வாடை வந்தது. ஃபிளாஷின் சர்க்யூட் போர்டுக்கு அடியில் இன்னும் ஒரு சொட்டு தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. பேட்டரி கனெக்டர் பக்கம் பச்சை பூத்திருந்தது. பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "எங்க பட்டறைல ஆசிட் பட்ட செம்பு இப்படித்தாண்ணா பச்சை கட்டும்" என்றார். அதேதான். சும்மா நனைந்த போர்டைக் காயவைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவினால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். நனைந்த போர்டில் கரண்ட் ஓடினால் செம்பு அரிக்க ஆரம்பித்துவிடும். குளோரின் தண்ணீர் அந்த வேலையை இன்னும் சுறுசுறுப்பாகச் செய்யும், கடல் தண்ணீர் அதைவிட மோசம்.

அதனால் நனைந்தால் ஆன் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள், லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய் கீழே பார்த்தபடி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அடுத்த நாளே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் பசை இளகும். அரிசியும் வேண்டாம். திறந்த காற்று செய்வதைவிட அரிசி அதிகமாக ஒன்றும் செய்துவிடாது. அதன் மாவுத் தூசி லென்ஸ் பேரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதைத் துடைக்கவும் நான்தான் கூலி வாங்க வேண்டும்.

சரி, எந்த கேமரா கொண்டுபோவது? எல்லோரும் என்னிடம் எது நல்லா எடுக்கும் என்றுதான் கேட்கிறார்கள். தீம் பார்க்கைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. முதலில் கைகளை எண்ணுங்கள். கொலுசுக்காரர் குடும்பத்தில் பெரியவர்கள் மூன்று பேர், ஆறு கை. அதில் பாட்டியின் ஒரு கை கைப்பிடிக் கம்பிக்கு. சின்னவனைப் பிடிக்க ஒரு கை, பெரியவளைப் பிடிக்க ஒரு கை. ஈரத்துணிப் பைக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலும் தின்பண்டமும் இருக்கும் பைக்கு ஒன்று. மிச்சம் ஒன்றே ஒன்று. டிஎஸ்எல்ஆர் கேட்பதோ இரண்டு கை, போதாததற்கு ஒரு முழு ஆளின் கவனம். அப்பா முக்கால் கிலோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எந்த ரைடிலும் ஏறாமல் நாள் முழுக்க வெளியே நிற்பார். பிள்ளைகள் அம்மாவோடு போய்விட்டு வந்த கதையை அவரிடம் சொல்வார்கள்.

ஏற்காட்டுக்கு என்றால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பகோடா பாயின்டில் போய் நின்றால் அங்கே செய்ய வேறு வேலை இல்லை. மலை எங்கேயும் ஓடிவிடாது, பனி விலகும் வரை உட்கார்ந்திருக்கலாம். பெரிய கேமராவும் நல்ல லென்ஸும் அதற்குத்தான். குரங்கு மட்டும் ஜாக்கிரதை, பையில் பொரி இருக்கிறதா லென்ஸ் இருக்கிறதா என்று அது பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். மேலே பனியில் நனைந்த பையை அப்படியே கொண்டுவந்து சேலத்து வெக்கையில் மூடி பீரோவில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து லென்ஸ் கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி ஃபங்கஸ் படர்ந்திருக்கும். கேமராவைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தோல் உறையில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பார்க்குக்குத் திரும்புவோம். "எங்க போன் ஐபி68ண்ணா, தண்ணிக்குள்ளயே எடுக்கலாம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் தர எண். அதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதற்கும் மேலே, ஆழத்தையும் நேரத்தையும் போன் கம்பெனியே முடிவு செய்து அறிவிக்கும். அந்தச் சோதனை நடப்பது அசையாத நல்ல தண்ணீரில். சறுக்கு விளையாட்டில் நீங்கள் போய் விழுகிற வேகமும், குளத்தில் கலந்திருக்கும் குளோரினும் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு தடவை டிஸ்பிளே மாற்றிய போனில் தண்ணீரைத் தடுக்கும் பசை வளையம் பழையபடி ஒட்டியிருக்கிறதா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பெரும்பாலான கம்பெனிகள் ஐபி68 என்று விளம்பரத்தில் போட்டாலும், தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி தருவதில்லை. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

டிஎஸ்எல்ஆர், அதேபோல லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கேமரா, இவற்றின் கதையும் இதுதான். ஆரம்ப விலை பாடிகளில் (லென்ஸ் இல்லாத கேமரா உடம்பில்) தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் அடைப்பே கிடையாது. விலை அதிகமான பாடியில் இருக்கும், ஆனால் அதில் சாதாரண கிட் லென்ஸை மாட்டினால் லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட் வழியாகத் தண்ணீர் தாராளமாக இறங்கும். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்துபோட்ட மாதிரி.

போனுக்கு பிளாஸ்டிக் பவுச் வாங்குவதாக இருந்தால், முதல் நாள் இரவே அதற்குள் ஒரு டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் ஈரமாகவில்லை என்றால் மட்டும் போனை நம்பிப் போடுங்கள். இன்னொரு விஷயம், தண்ணீருக்குள் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. வால்யூம் பட்டனை அமுக்கினால் படம் எடுக்கும்படி பெரும்பாலான போன்களில் வைத்துக்கொள்ளலாம், இதையும் வீட்டிலேயே பழகிவிடுங்கள். வெயிலில் பவுச்சுக்குள்ளேயே போன் கிடந்தால் சூடேறி கேமரா தானாக நின்றுவிடும், நிழலில் வெளியே எடுத்து ஆறவிடுங்கள்.

ஆனால் போனை மட்டுமே நம்பிப் போவதில் எனக்கு வேறொரு பயம் உண்டு. அன்றைக்கு டிக்கெட் போனில்தான். சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பது போனில்தான். கூட்டத்தில் பிரிந்த மாமியாரைக் கண்டுபிடிப்பதும் அதில்தான். காலையிலிருந்து வீடியோவாக எடுத்துத் தள்ளி மூன்று மணிக்கு பேட்டரி செத்துவிட்டால் படம் மட்டுமா போகும்? வெயிலில் குழந்தையோடு ஒரு தூணுக்கடியில் நின்றுகொண்டு, "சார், ஒரு கால் பண்ணிக்கட்டுமா" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் படத்துக்கென்று தனியாக ஏதாவது ஒன்று, சின்னதாக. போனில் கட்டாயம் எடுக்க வேண்டிய படம் ஒன்று உண்டு: உள்ளே நுழையும் முன் பிள்ளைகளை அன்றைய உடுப்போடு முழு உருவமாக ஒரு படம். குழந்தை காணோம் என்றால் பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்பதுகூட மறந்துபோகும், அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.

அந்தச் சின்னது பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. 2010 வாக்கில் வாங்கி, போன் வந்ததும் பீரோவில் துணிக்கு அடியில் போய்விட்ட காம்பேக்ட் கேமரா. 12 மெகாபிக்சல் என்றால் 4000 × 3000 புள்ளி, 13 × 10 அங்குலம் வரை தெளிவாகப் பிரிண்ட் போடலாம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் அவ்வளவு பெரிய படம் எத்தனை இருக்கிறது? பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள், உப்பியிருந்தால் அதை சார்ஜில் போடவே கூடாது. கார்டு 32 ஜிபிக்குள் வாங்குங்கள். பழைய கேமராக்கள் பலவற்றுக்கு 64 ஜிபி கார்டைப் படிக்கத் தெரியாது, 'கார்டு எர்ரர்' என்று காட்டும். இதற்காகவே கேமரா ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அந்தக் கேமராவைப் பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடுங்கள். கை கணக்கில் ஒன்று கூடும். இடுப்பு உயரத்திலிருந்து அது எடுத்து வரும் படங்கள் நீங்கள் எடுப்பவற்றைவிட வேடிக்கையாக இருக்கும். தண்ணீர் விளையாட்டுக்குப் போகும்போது மட்டும் லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

தண்ணீரிலேயே அரை நாள் கழியும் என்றால் ஆக்‌ஷன் கேமரா. விளையாடிக்கொண்டே எடுக்கச் செய்த சின்னக் கேமரா அது. கோப்ரோ மாதிரியானவை உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும், பேட்டரி மூடி சரியாக மூடியிருந்தால். அந்த மூடியின் ரப்பரில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் போச்சு. என் கைக்கு வந்த ஆக்‌ஷன் கேமராக்களில் தண்ணீர் நுழைந்த வழி அநேகமாக அந்த மூடிதான். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். அகன்ற லென்ஸ் என்பதால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிள்ளை அருமையாக விழும், பத்தடி தள்ளி நின்றால் எறும்பு மாதிரி தெரியும். இருட்டிய பிறகு நடக்கும் லைட் ஷோவுக்கு அது ஆகாது, அதற்குப் போனே தேவலை. ஒரே ஒரு பயணத்துக்காகப் புதிதாக வாங்காதீர்கள், தெரிந்தவர்களிடம் கேளுங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். ஊருக்கு வந்து யார் உட்கார்ந்து அதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள்?

எதைக் கொண்டுபோனாலும் ரோலர் கோஸ்டரில் கையில் வேண்டாம். நெஞ்சில் பட்டை கட்டி அதில் கேமராவை மாட்டினால் விடுவார்களா என்பதை ஏறும் இடத்தில் கேளுங்கள், வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். அந்த வேகத்தில் கை நழுவிப் பறப்பது கேமரா இல்லை, கல். கீழே வரிசையில் நிற்பதும் யாரோ வீட்டுப் பிள்ளைதான். டிஸ்னி பார்க்குகளில் 2015லேயே செல்ஃபி ஸ்டிக்கைத் தடை செய்தார்கள்.

இன்னொன்று, அடிக்கடி கேட்கும் புகார்: "காலைல ரூமை விட்டு வெளிய வந்ததும் லென்ஸ் மங்கிடுச்சுண்ணா." இரவு முழுக்க ஏசியில் சில்லிட்டுக் கிடந்த கேமராவை வெளியே ஈரக் காற்றில் எடுத்தால் வேர்க்கத்தான் செய்யும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

கொலுசுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். போர்டு மாற்றும் செலவு அதே மாடல் பழைய கேமரா வாங்கும் விலைக்குப் பக்கத்தில் வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். கார்டு மட்டும் பிழைத்திருந்தது, கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். நானூறுக்கு மேல் படங்கள். கேட் முன்னால் எல்லோரும் விறைப்பாக நிற்பது, வரிசையில் நிற்பது, முதுகு, முதுகு, மறுபடி முதுகு. கடைசிப் படம் தண்ணீர் சுவர் எழும்பும்போது எடுத்தது. சாய்ந்திருந்தது, கொஞ்சம் ஆட்டமும் இருந்தது. படகின் முதல் வரிசையில் இரண்டு பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு, நடுவில் அவர் மனைவி இருவரையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மூவர் முகத்துக்கும் முன்னால் சொட்டுகள் அந்தரத்தில் நின்றன. அந்த ஒன்றை மட்டும் 12 × 8 பிரிண்ட் போடச் சொன்னார்.

பிரிண்டை வாங்கிக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி வந்தார். "அண்ணா, அடுத்த வருஷமும் போவோம். இதே மாதிரி எடுக்கணும்னா என்ன கொண்டு போறது?"

"போனை பவுச்சுல போட்டுக்குங்க. படகு மேல இருந்து கிளம்பறப்பவே வால்யூம் பட்டனை அமுக்கிப் பிடிச்சீங்கன்னா வரிசையா எடுத்துட்டே வரும், எந்த பட்டன்னு முன்னாடியே பார்த்து வெச்சுக்குங்க. அப்புறம் அந்தக் கம்பிகிட்ட நிக்காதீங்க, பதினஞ்சு அடி தள்ளி நில்லுங்க."

"தள்ளி நின்னா இது வராதேண்ணா."

கொஞ்சம் யோசித்தேன். "அப்போ உங்க அம்மாவைக் கீழ நிக்க வெச்சு, போனை அவங்க கையில குடுத்துட்டு நீங்க படகுல ஏறிக்குங்க" என்றேன்.